பள்ளி ஆபீசில் பாஸ்வேர்டு மேனேஜர்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

மும்பை தாராவிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பள்ளி விவரங்களை ஏற்றும் மத்திய அரசுப் போர்ட்டலான யு-டைஸ் பிளஸ் லாகின் ஆகாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 2022 கடைசியில் ஆபீசுக்கு பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜரைப் போட்டேன். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைத்து, மாஸ்டர் பாஸ்வேர்டு என்கிற ஒரே சாவியில் திறக்கும் ஆப் அது. இன்றுவரை அதுதான் ஓடுகிறது. சொந்த போனில் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்வது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரே லாகினை ஐந்தாறு பேர் மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்த ஒரு பள்ளி ஆபீசில் அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் கிளார்க் அண்ணாச்சியின் மேஜையில் ஒரு நீளநோட்டு இருந்தது. மாநில அரசின் மாணவர் விவரப் போர்ட்டலான சரல், யு-டைஸ் பிளஸ், ஆசிரியர் சம்பளத்துக்கான ஷாலார்த், ஸ்காலர்ஷிப், பள்ளி ஜிமெயில் என்று எல்லாப் பாஸ்வேர்டும் அதில்தான். நோட்டில் எழுதி வைப்பது பெரிய பாவம் என்று நான் சொல்லமாட்டேன். நோட்டைத் திருட ஆள் நேரில் வரவேண்டும். ஆனால் பள்ளிப் பெயரும் வருஷமும் சேர்ந்த ஒரே பாஸ்வேர்டுதான் எல்லாவற்றுக்கும் போடப்பட்டிருந்தது. அதோடு 2022-23 முதல் யு-டைஸ் பிளஸில் மாணவர் எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் தனித்தனியாக ஏற்றவேண்டும் என்று ஆகிவிட்டது. முன்பு அந்த லாகின் போனால் வெறும் கணக்குதான் போகும். இப்போது பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா விவரம் எல்லாம் போகும்.

பிட்வார்டனின் இலவசத் திட்டத்தில் இரண்டு பேர்தான் பாஸ்வேர்டுகளைப் பகிர்ந்துகொள்ள முடியும். முதலில் இது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. இப்போது எங்களுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது என்று தோன்றுகிறது. ஹெச்.எம். ஒருவர், அண்ணாச்சி ஒருவர், அவ்வளவுதான். நானே அதில் இல்லை. டேட்டா என்ட்ரி சீசனில் கிளாஸ் டீச்சர்கள் ஆபீசுக்கு வந்து, அண்ணாச்சி லாகின் செய்து தந்த பிறகு உட்கார்ந்து ஏற்றிவிட்டுப் போகவேண்டும். இதற்கு நிறைய முணுமுணுப்பு இருந்தது. 2025-ல் நாக்பூரில் ஷாலார்த் ஐடி மோசடி வெடித்தது. போலி ஆசிரியர்களுக்கு ஐடி உருவாக்கிச் சம்பளம் எடுத்த வழக்கு அது. யாருடைய லாகினில் இருந்து எது போனது என்று அங்கே போலீஸ் விசாரிக்கும் செய்தியைப் படித்த பிறகு எங்கள் ஸ்டாஃப் ரூமில் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு நான்கு சம்பந்தமில்லாத சொற்களை ஆங்கில எழுத்தில் போடச் சொன்னேன். பனங்கிழங்கு, ஏணி, மண்ணெண்ணெய், சாயங்காலம் என்கிற மாதிரி. ஆங்கிலச் சொற்களைவிட இது நம்மவர்கள் மனதில் சீக்கிரம் ஒட்டுகிறது. குறளின் முதல் அடியைப் போடலாமா என்று ஹெச்.எம். கேட்டார். “வேண்டாம் மேடம், அது எல்லாருக்கும் தெரிஞ்சது” என்றேன். இந்தப் பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது. அதனால் தாளில் எழுதி, கவரில் ஒட்டி, ஹெச்.எம். அறை பீரோவில் கேஷ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றவேண்டும் என்று மேலிடத்துச் சர்க்குலர் ஒன்று உண்டு. தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-லேயே இந்த வழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள், வேறொன்றும் செய்யமாட்டார்கள். மேனேஜர் வந்த பிறகு சர்க்குலருக்காக மாற்றுவதும் ஒரு க்ளிக்தான், போகட்டும்.

எனக்கு அதிகம் பிடித்தது, பலர் கவனிக்காத ஒரு விஷயம். ஒருநாள் அண்ணாச்சி எரிச்சலோடு கூப்பிட்டார். “டீச்சர், இது பாஸ்வேர்டைக் கொடுக்கமாட்டேங்குது, என்னன்னு பாருங்க.” வாட்ஸப்பில் வந்த ஸ்காலர்ஷிப் லிங்க் அது. அசோகச் சின்னம், மூவர்ணப் பட்டை, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. இணைய முகவரியில் மட்டும் நடுவில் ஒரு சின்னக் கோடு (-) கூடுதல். நம் கண் சின்னத்தைப் பார்க்கும், மேனேஜர் முகவரியை மட்டும்தான் பார்க்கும். சேமித்த முகவரி இல்லையென்றால் தானாக நிரப்பாது. எத்தனை விழிப்புணர்வு வகுப்பு எடுத்தாலும் இந்த ஒரு முரண்டுக்கு ஈடாகாது.

இனி குறைகள். பேஸ்ட் செய்ய விடாத போர்ட்டல்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே நீளமான பாஸ்வேர்டைப் பார்த்துப் பார்த்து அடிப்பது கண்ணுக்குத் தண்டனை. விலை குறைந்த போன்களில் பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் தானாக நிரப்பும் வசதி அடிக்கடி தூங்கிவிடும். இவை சில்லறைத் தொல்லைகள்தான்.

பெரிய ஓட்டை ஓடிபி. அதை எந்த மேனேஜராலும் அடைக்க முடியாது. போர்ட்டல்களில் பதிந்திருந்தது பழைய ஹெச்.எம்.மின் சொந்த நம்பர். அவர் ரிட்டயர் ஆகித் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். “மேடம், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்கிருந்து போன் போகும். பாவம், அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்வார். யோசித்துப் பாருங்கள், ஆபீஸ் என்று சொல்லிக் கூப்பிட்டால் ஆறு எண்களை வாசித்துவிடவேண்டும் என்று நாமே ஸ்டாஃபைப் பழக்கி வைத்திருக்கிறோம். எங்கள் டீச்சர் ஒருவரின் வாட்ஸப் கணக்கு பறிபோனது இப்படித்தான். கல்வி ஆபீஸ் என்று சொல்லி யாரோ கூப்பிட்டார்கள், கேட்ட எண்ணை அவர் கொடுத்துவிட்டார். அவர் பெயரில் பெற்றோர்களிடம் பணம் கேட்டு மெசேஜ் போனது. பணம் அனுப்பிய ஒரு அப்பாவை உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்ய வைத்தோம். அப்புறம் எல்லா டீச்சர்களின் வாட்ஸப்பிலும் இரண்டு-படி பின் நம்பர் போட்டோம்.

பள்ளிப் பெயரில் ஒரு சிம் வாங்கி, சாதாரண பட்டன் போனில் போட்டு ஆபீசிலேயே வைத்தோம். ஒவ்வொரு போர்ட்டலிலும் நம்பர் மாற்ற லெட்டர்பேடு, சீல், அலைச்சல் என்று நாக்குத் தள்ளிவிட்டது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் ப்ரீபெய்ட் நம்பர் முடக்கப்படலாம் என்பதால் ரீசார்ஜ் தேதியும் இப்போது அண்ணாச்சியின் காலண்டரில் இருக்கிறது. பள்ளி ஜிமெயிலுக்கு, ஓடிபி மாதிரி எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் அத்தென்டிகேட்டர் ஆப் போட்டோம். 30 வினாடிக்கு ஒருமுறை எண் மாறும், சிம்மும் சிக்னலும் வேண்டாம். அந்த ஆப் கைவசம் இல்லாதபோது உள்ளே நுழைய கூகுள் தரும் 10 பேக்கப் எண்களும் அதே பீரோ கவரில்.

இவ்வளவும் ஒரு சின்னப் பள்ளிக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பவர்ஸ்கூல் கதை. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பல மாணவர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள் அது. 2024 டிசம்பரில் உள்ளே நுழைந்தவர் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை, திருடிய ஒரு லாகின்தான். திருடியவருக்குக் கம்பெனி பணம் கொடுத்தும் தீரவில்லை. 2025 மே மாதம் பள்ளி மாவட்டங்களுக்கே நேரடியாக மிரட்டல் போனது.

பிட்வார்டன் போட நினைக்கும் பள்ளிகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 முதல், இரண்டு-படி லாகின் (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு எண்ணும் கேட்பது) போடாத கணக்கை புதிய கருவியில் திறந்தால், அது ஈமெயிலுக்கு ஒரு சரிபார்ப்பு எண் அனுப்பும். அந்த ஈமெயிலின் பாஸ்வேர்டு பிட்வார்டனுக்குள்ளேயே மட்டும் இருந்தால் இரண்டையும் திறக்க முடியாது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்துவிட்டதால் பல ஆபீசுகளில் புதுக் கம்ப்யூட்டர் வரும் நேரம் இது. பழைய கம்ப்யூட்டரைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு-படி லாகினைப் போட்டு, அந்த இரண்டாம் படி கைவிட்டால் உதவும் ரெகவரி எண்ணைத் தாளில் எடுத்துவிடுங்கள்.