10 மி.மீ. சங்கிலி என்று விற்றார்கள், உறைக்குள் இருந்தது 6 மி.மீ.

உவரி, கூடுதாழை, கூட்டப்பனை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் என்று நம் கடற்கரையில் படகு டிரெய்லர் வைத்திருக்கிறவர்கள் பூட்டு வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். வள்ளியூர், நாங்குநேரிப் பக்கம் டிராக்டர் டிரெய்லரை வயலோரம் நிறுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

திருநெல்வேலியில் பூட்டும் பாதுகாப்புக் கருவிகளும் விற்கிற ஒரு கடையில் ‘முழுப் பாதுகாப்பு செட்’ என்று 18,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்ததும் அவர்கள் ஆள்தான். ஆடியில் ஓர் இரவு டிரெய்லர் போய்விட்டது. அந்த செட்டில் இருந்த ஒரு பொருள்கூட அதைத் தடுக்கவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் என்ன சொல்லி விற்றார்கள், உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்பதை எழுதுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதே பொருள் வேறு கடைகளிலும் தொங்குவதைப் பிறகு பார்த்தேன்.

எங்களுடையது வெல்டிங் பட்டறையில் செய்த இரண்டு சக்கர டிரெய்லர். ஆடிக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது ஃபைபர் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்போம். அப்போது படகைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர இந்த வண்டிதான். முன்னால் டிராக்டரில் ‘பின்’ என்கிற இணைப்பு ஆணியைப் போட்டு மாட்டுகிற தடித்த இரும்பு வளையம் இருக்கும். இந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஏமாற்று அதில்தான் ஆரம்பித்தது.

வெளிநாடுகளில் படகு டிரெய்லரைக் காரின் பின்னால் உள்ள உருண்டைக் குமிழில் மாட்டுவார்கள். அமெரிக்காவில் அந்தக் குமிழ் பெரும்பாலும் 2 அங்குலம், ஐரோப்பாவில் 50 மி.மீ. அந்தக் குமிழை மூடும் கிண்ணத்துக்கென்று செய்யப்பட்ட பூட்டைத்தான் எங்களுக்கு எடுத்துக் காட்டினார் கடைக்காரர். எங்கள் வண்டியின் வளையத்தை நான் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அதைக் காட்டி, “இதற்குப் பொருந்துமா?” என்று கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, தாராளமாகப் பொருந்தும். பொருந்தாவிட்டாலும் எங்கள் பையன் சரிசெய்து மாட்டிவிடுவான்” என்றார். வந்த பையன் வளையத்தின் இரண்டு பக்கமும் தகடு வைத்து, நாலைந்து இடத்தில் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் தொட்டு, அதற்குள் அந்தப் பூட்டைத் திணித்துவிட்டுப் போனான். “முழுக்க வெல்டிங் வைக்க வேண்டாமா தம்பி?” என்று என் அப்பா கேட்டபோது, “இதுவே போதும் ஐயா, கம்பெனி முறை” என்று பதில் வந்தது. திருடியவர்கள் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். தகடுகள் இரண்டும் பெயர்ந்து கிடந்தன, பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டுகிற மஞ்சள் நிற வீல் கிளாம்ப் ஒன்று கொடுத்திருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது டிரெய்லர் நின்ற இடத்தில் எங்கள் சக்கரம் ஒன்று மண்ணில் சாய்ந்து கிடந்தது. அந்தக் கிளாம்ப் அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லாமல் பூட்டியிருந்தது. பக்கத்தில் ஐந்து நட்டுகள், ஜாக்கி அழுந்திய தடம். நட்டுகளைக் கழற்றி, பூட்டிய சக்கரத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த சக்கரத்தை மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கிளாம்ப் என்றால் அதன் தட்டு சக்கரத்தின் நட்டுகளை முழுவதுமாக மறைக்க வேண்டும். ஸ்பேனர் உள்ளே போக வழி இருந்தால் அது பூட்டே இல்லை. எங்களுக்கு விற்றது டயரை மட்டும் கவ்விப் பிடிக்கும் வகை. கடையில் அதை மாதிரிச் சக்கரம் ஒன்றில் மாட்டிக் காட்டியபோது அந்தச் சக்கரம் எந்த வண்டியிலும் இல்லை, அதில் நட்டும் இல்லை.

இனி சங்கிலி. செட்டிலேயே அதிக விலை இதற்குத்தான், 4,200 ரூபாய். ‘10 மி.மீ., கடினப்படுத்திய எஃகு’ என்று அட்டையில் அச்சடித்திருந்தது. கறுப்பு நிறத்தில் தடித்த நைலான் உறை. வண்டியில் கீறல் விழாமல் இருக்க அந்த உறை என்றார்கள். வெட்டுப்பட்டுக் கிடந்த துண்டைத் திசையன்விளையில் லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளேடால் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த கண்ணி ஒன்றை வெர்னியரில் வைத்தார். 6 மி.மீ. உறையோடு சேர்த்து அளந்தால்தான் 10 வருகிறது. விட்டம் 10-லிருந்து 6-ஆகக் குறைந்தால் உள்ளே இருக்கிற இரும்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது, கொடுத்த காசுக்குரிய இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த உறைக்குள் இல்லவே இல்லை.

பிறகு கண்ணியை வைஸில் பிடித்து ஓர் அரத்தை எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். அரம் நன்றாகக் கடித்தது. பளபளவென்று வெள்ளைக் கோடு விழுந்தது, இரும்புத் தூள் மேசையில் உதிர்ந்தது. அடுத்து தன் பட்டறையில் கிடந்த கடினப்படுத்திய கண்ணி ஒன்றில் அதே அரத்தை வைத்துக் காட்டினார். கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது, கோடே விழவில்லை. “இது கிணற்று வாளிக்குப் போடுகிற சங்கிலி தம்பி. இரண்டு அடி போல்ட் கட்டர் இருந்தால் ஒரு அழுத்துக்குத் தாங்காது” என்றார். வெட்டுப்பட்ட முகமும் அதைத்தான் சொன்னது. இரண்டு பக்கமும் நசுங்கிக் கூரை மாதிரிக் குவிந்திருந்தது. இரும்பு அறுக்கும் கிரைண்டர் வைத்து அறுத்திருந்தால் தட்டையாக, தீப்பொறியில் நீலம் பாய்ந்து இருக்கும்.

சங்கிலியில் போட்டிருந்த பூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பித்தளை உடல், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி’ என்பது அவர்கள் வாக்கு. நான் திண்டுக்கல் பூட்டு கேட்டபோது, அதெல்லாம் பழைய காலத்துப் பொருள் என்று தட்டிக் கழித்தார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. திறந்த வெளி உப்புக்காற்றுக்கு அதையும் பராமரித்துத்தான் ஆக வேண்டும் என்றாலும், அப்படிப் பேசியது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. வாங்கிய மாதம் முடிவதற்குள் இவர்கள் கொடுத்த பூட்டின் கம்பியில் துரு வழிந்தது. உடலைச் சாவியால் சுரண்டினால் மஞ்சள் பூச்சுக்கு அடியில் சாம்பல் நிறம். துத்தநாகக் கலவையில் வார்த்து மஞ்சள் முலாம் பூசியிருக்கிறார்கள். பித்தளை என்றால் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளேயும் மஞ்சள்தான். வார்ப்புத் துத்தநாகம் சுத்தியல் அடிக்கு நொறுங்கிவிடும்.

துருவைப் பார்த்த அன்றே பூட்டை எடுத்துக்கொண்டு போய் மாற்றித் தரச் சொன்னேன். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கல்லாவுக்கு மேல் தொங்கிய பலகையைக் கை காட்டினார்கள். டிரெய்லர் திருட்டுப்போனது அதற்குப் பிறகுதான்.

வண்டி இருக்கிற இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் செட்டில் இருக்கிறதே என்று, திருட்டுப்போன அந்தக் காலையில் ஆப்பைத் திறந்தால் ‘சேவை காலாவதி’ என்று வந்தது. ஓர் ஆண்டு சிம் கட்டணம் விலையிலேயே அடக்கம் என்று சொல்லித்தான் விற்றார்கள். சிம் அவர்கள் பெயரில் இருக்கிறது, அதற்கு அவர்கள் பணமே கட்டவில்லை. போதாததற்குக் கருவியை நான்கு பக்கமும் இரும்பால் மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞை இரும்புத் தகட்டைத் தாண்டி உள்ளே வராது. மாட்டிய அன்று பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் ஆள் தன் கைபேசியில் எங்கள் வீட்டு இடத்தைக் காட்டினான். அதன் பிறகு மூடிவிட்டுப் போனான்.

டிரெய்லர் கிடைத்தது இந்த செட்டால் அல்ல. வண்டி செய்த காலத்தில் என் அப்பா சட்டத்தின் அடிப்பக்கம், கண்ணில் படாத ஓர் இடத்தில் எங்கள் குடும்ப எழுத்துகளைப் பஞ்ச் வைத்து அடித்திருந்தார். பட்டறையில் செய்யும் டிரெய்லர்களுக்குத் தொழிற்சாலை எண் என்று ஒன்றும் இருக்காது. பனங்காட்டோரம் டயர் இல்லாமல், மேலே புதுப் பெயின்ட் பூசிக் கிடந்த வண்டி எங்களுடையதுதான் என்று காவல் நிலையத்தில் நிரூபிக்க அந்த எழுத்துகள்தான் உதவின. உங்கள் வண்டியில் இல்லையென்றால் இந்த வாரமே அடித்துவிடுங்கள், படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஏதும் இல்லை.

கடைக்காரரிடம் உறையைக் கிழித்த சங்கிலியையும் வெர்னியரையும் கொண்டுபோய்க் காட்டியபோது, “நாங்கள் செய்து விற்கவில்லை அண்ணாச்சி, வாங்கி விற்கிறோம். திருடன் வெட்டியதற்கு நாங்களா பொறுப்பு?” என்றார். திருடன் வெட்டியதற்கு அவரைப் பொறுப்பாக்க நான் போகவில்லை. 10 என்று பணம் வாங்கிக்கொண்டு 6-ஐக் கொடுத்ததற்கு அவர்தானே பொறுப்பு? பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘ஹார்டுவேர் ஐட்டம், 1 செட்’ என்று மட்டும் இருந்தது. மி.மீ. இல்லை, உலோகம் இல்லை, உத்தரவாதம் இல்லை. அட்டையில் தயாரித்தவர் பெயரோ இறக்குமதி செய்தவர் முகவரியோ இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள்படி அவை கட்டாயம். நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை, அங்கேயும் மனு கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போகும்போது ஒரு சின்ன அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சங்கிலி உறையை நகர்த்தி, கண்ணியை வெறுமையாக அளக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுக்க அனுமதி கேளுங்கள். உண்மையாகவே கடினப்படுத்தியது என்றால் தடம் விழாது, கடைக்காரருக்கும் பயமிருக்காது. தடுத்தால் வெளியே வந்துவிடுங்கள். 12 மி.மீ.க்குக் குறையாமல், சதுர வெட்டுள்ள கண்ணியாக வாங்குங்கள். பூட்டில் ஐரோப்பியத் தரமான இ.என். 12320 என்று போட்டிருந்தால் அதில் 1 முதல் 6 வரை தரநிலை உண்டு, எண் கூடக் கூட வலு கூடும். கடற்கரைக்குத் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்றால் அதில் எந்த வகை, 304-ஆ, 316-ஆ என்று கேளுங்கள். 316-இல் மாலிப்டினம் சேர்வதால் உப்பை அதிகம் தாங்கும். ஆனால் அந்த எஃகு வெட்டுக்குக் கடினப்படுத்திய எஃகு அளவுக்கு நிற்காது. இரண்டும் ஒரே பூட்டில் உச்சமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரைண்டரோடு வருகிறவனை எந்தப் பூட்டும் கடைசிவரை தடுக்காது. சத்தமும் நேரமும் அதிகமாகும்படி செய்யலாம், அதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இப்போது எங்கள் வண்டியின் முன்வளையத்துக்குள்ளேயே தடித்த கம்பியுள்ள பூட்டைப் போட்டிருக்கிறோம். வளையத்தின் ஓட்டை அடைபடுவதால் டிராக்டரின் இணைப்பு ஆணி உள்ளே போகாது. எங்களைப் போன்ற வண்டிக்கு இதைவிட எளிய வழி இல்லை, அந்த வெளிநாட்டுப் பூட்டுக்கு அவசியமே இல்லை. சங்கிலி இரண்டு சக்கரங்களின் ரிம் வழியாகவும் அச்சின் வழியாகவும் சுற்றி, கான்கிரீட்டில் புதைத்த கம்பி வளையத்தில் போய் முடிகிறது. வெறும் மணலில் முளை அடித்தால் நிற்காது, குழி தோண்டிக் கான்கிரீட் போட்டே ஆக வேண்டும். சங்கிலியும் பூட்டும் தரையில் படாமல் தூக்கி இறுக்கிக் கட்டுங்கள். தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி முழு உடல் எடையையும் போட்டு வெட்டுவார்கள். பல நாள் வேலை இல்லாத காலத்தில் ஒரு சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு அச்சைக் கல் மேல் நிறுத்திவிடுகிறோம். பூட்டை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறோம். கிரீஸ் வேண்டாம், மணல் அப்பிக்கொள்ளும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று மிரட்டுவார்கள். எங்களையும் மிரட்டினார்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிகம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கல்லாப் பலகை அதை மாற்றாது.

நைலான் உறை போட்ட சங்கிலி உங்கள் வீட்டில் இருந்தால் உறையின் முனையைப் பிரித்து, கண்ணி மேல் வெர்னியரோ அளவுகோலோ வைத்துப் படம் எடுங்கள். பில்லும் அட்டையும் அதே படத்தில் தெரியட்டும். சங்கிலியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், விசாரணையில் அதை நேரில் கேட்பார்கள்.