அம்ப் நல்லம், கூட வந்த வயர்தான் சனியன்

பைக்கில பாட்டுக் கேக்கப் போடுற இந்த ரெண்டு சனல் குட்டி அம்ப் (அம்ப்ளிபயர்) கிட்டின் விலை இறங்கினதிலயிருந்து, "வாங்கலாமா, பைக்குக்குத் தாங்குமா" எண்டு கேக்கிறாக்கள் கூடிட்டாங்க. பெட்டியில இருக்கிறது எல்லாருக்கும் தெரியும்: கிளாஸ் டி (சூடு குறைஞ்ச வகை அம்ப்), 4 ஓமுக்கு 50 வாட் வீதம் ரெண்டு சனல், புளூடூத், ரெண்டு 4 அங்குல ஸ்பீக்கர், பவர் வயர். மாரி மழையும் கச்சான் காத்தும் கண்ட 150 சிசி பைக்கில எது நிண்டுது, எது போயிட்டு எண்டதுதான் இஞ்ச சங்கதி.

அம்ப்பைக் குறை சொல்ல மனம் வருதில்ல. பொத்துவில் ரோட்டில வேகமாப் போகக்குள்ளயும் காத்து இரைச்சலுக்கு மேலால பாட்டுச் சொல் விளங்குது. பெட்டியும் கைபொறுக்கிற சூட்டுக்கு மேல போகல்ல. பொய்க் கணக்கும் எழுதல்ல. கடையில 1000 வாட் எண்டு வாற டப்பாக்களைப் பாருங்க. வோல்ட்டேஜை உள்ளுக்குள்ள உயர்த்துற சுற்று இல்லாத அம்ப், 12 வோல்ட்டில 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக் குடுக்கக்கூடியது 18 வாட்தான். என்ஜின் ஓடி 14.4 வோல்ட் வந்தாலும் 26. பியூஸைப் பாத்தாலே பிடிச்சிரலாம்: 10 அம்பியர் பியூஸ் எண்டா 13.8 வோல்ட்டில உள்ள போறதே 138 வாட், அதில வெளிய வாறது 110 அளவு. மிச்சம் எங்கயிருந்து வரும்? இந்தக் கிட்டில வோல்ட்டேஜை உயர்த்துற சுற்று இருக்கு, பியூஸும் 15 அம்பியர் போட்டிருக்கான், 100 வாட்டுக்கு அது சரியான கணக்கு.

இவ்வளவு ஒழுங்காச் செய்தவன் வயரில ஏன் களவெடுத்தான் எண்டதுதான் விளங்குதில்ல. மேல "8 கேஜ்" எண்டு அச்சடிச்சிருக்கு. 8 கேஜ் எண்டா 8 சதுர மில்லிமீற்றருக்கு மேல கம்பி இருக்கோணும். உறையை உரிச்சா உள்ளுக்கு அதில மூண்டில ஒரு பங்கும் இல்ல, முழுக்க ரப்பர்தான் தடிப்பு. அதுவும் செப்பில்ல, செப்புப் பூசின அலுமினியம். சோதிக்கிறது லேசு: ஒரு இழையைப் பிளேட்டால சுரண்டுங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம். லைட்டர் நெருப்பில பிடிச்சா அது உருகிச் சுருண்டு விழும், செப்பு சிவந்து நிக்கும்.

மட்டக்களப்பில கல்லடியிலயிருந்து கல்லாறு வரைக்கும் ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி. உப்பு ஈரம் வயர் முனையில அழுத்திற லக்குக்குள்ள போனா, செப்பும் அலுமினியமும் தொடுற இடத்தில அரிக்கிறது அலுமினியம்தான். மாரி முடியக்குள்ள லக்கின் வாயில மா தூவின மாதிரி வெள்ளைத் தூள் நிக்கும். அந்த இடத்தில 0.1 ஓம் தடை வந்தாலே 10 அம்பியருக்கு ஒரு வோல்ட் போயிரும், 10 வாட் சூடும் அந்தச் சின்ன இடத்திலயே இறங்கும். பேஸ் அடிக்கக்குள்ள அம்ப் நிண்டு நிண்டு எழும்புறது இதாலதான். ஆனா எல்லாரும் முதல்ல பற்றரியைத்தான் மாத்துவாங்க, மறுகா அம்ப்பைக் கழட்டுவாங்க.

கழட்ட முதல் மல்டிமீற்றரை எடுங்க. பாட்டு உரத்துப் போகக்குள்ள ஒரு முனையைப் பற்றரி பிளஸ்ஸிலயும் மத்ததை அம்ப்பின் பிளஸ்ஸிலயும் வையுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா குற்றம் வயரில, இல்லாட்டி பியூஸ் ஹோல்டரில. மைனஸ் பக்கமும் இப்படியே பாக்கோணும்.

மாத்திப் போட 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும். போய்வர 3 மீற்றருக்கு 10 அம்பியரில கால் வோல்ட்டுக்குள்ளதான் இழப்பு. கடல் போட்டுகளுக்குப் பாவிக்கிற வெள்ளீயம் பூசின செப்பு வயர் கிடைச்சா அதையே எடுங்க. லக்கை நல்லா அழுத்தி, உள்ள பசையுள்ள, சூட்டுக்குச் சுருங்கும் குழாயால மூடுங்க; பற்றரி முனையில வசலின். இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தினா வெயிலுக்குப் பசை இளகி ஈரத்தை உள்ள எடுக்கும். கிட்டில வாற கண்ணாடிப் பியூஸ் ஹோல்டரையும் விட்டிட்டு, மூடியுள்ள பிளேட் பியூஸ் ஹோல்டர் போடுங்க, பற்றரியிலயிருந்து அரை அடிக்குள்ள.

அம்ப்பின் ஏர்த் (மைனஸ்) வயரை நேரா பற்றரி மைனஸுக்கே கொண்டு போங்க. பெயின்ட் அடிச்ச பிரேமில போல்ட் போட்டா இண்டைக்கு வேலை செய்யும், துருப்பிடிச்ச அண்டைக்குக் கரகரக்கும். ஸ்பீக்கர் மைனஸைப் பிரேமில குடுக்கிற பழக்கம் சில வயரிங்காரருக்கு இருக்கு, அதுக்கு இடமே குடுக்காதீங்க. இந்த வகை அம்ப்பில ஸ்பீக்கரின் ரெண்டு காலும் வெளியீடுதான். ஒண்டு பிரேமில முட்டினா ஒண்டில் அம்ப் தன்னைத்தானே நிப்பாட்டும், இல்லாட்டி சிப் போயிரும். நாலு ஸ்பீக்கர் ஆசையில பக்கத்துக்கு ரெண்டைச் சமாந்தரமாப் போட்டா 2 ஓம் ஆகும், இந்த அம்ப் அதுக்குச் செய்ததில்ல. பேஸ் செத்துக் கேட்டா ஒரு ஸ்பீக்கர் பிளஸ் மைனஸ் மாறிக் கொழுவியிருக்கும். 1.5 வோல்ட் பற்றரியை ஸ்பீக்கர் கால்களில ஒரு கணம் தொட்டுப் பாருங்க, கோன் (முன்னால இருக்கிற கூம்பு) ரெண்டிலயும் ஒரே பக்கம் தள்ளோணும்.

4 அங்குலத்தில அடி பேஸ் எதிர்பாக்கிறதே பிழை. ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலயும் 220 மைக்ரோபரட் நொன்-போலார் (பிளஸ் மைனஸ் பக்கம் இல்லாத) கப்பாசிற்றர் தொடரில போட்டா 180 ஹேர்ட்ஸுக்குக் கீழ பேஸ் படிப்படியாக் குறையும். கோன் கிழியாது, குரலும் தெளியும்.

அம்ப்பை எழுப்புற நீல ரிமோட் வயருக்குச் சாவி போட்டா வாற லைனைக் குடுங்க. அது இழுக்கிற கரண்ட் மிகக் கொஞ்சம், ரிலே தேவையில்ல. நேரா பற்றரியில கொழுவினா இரவு முழுக்க அம்ப் முழிச்சிருக்கும். என்ஜின் நிப்பாட்டிப் பாட்டுப் போடுற இடத்திலயும் கவனம்: சராசரி 3 அம்பியர் போனா 9 அம்பியர்-மணி பற்றரி ஒன்றரை மணித்தியாலத்தில பாதியாயிரும்.

அக்சிலேட்டரை முறுக்க முறுக்கக் கூடுற விசில் சத்தம் புளூடூத்தில இல்ல. ஓக்ஸ் வயரில போனைக் கொழுவி அதே நேரம் சார்ஜும் போட்டா வரும். சார்ஜைக் கழட்டினா போயிரும். டிக் டிக் எண்டு கேட்டா அது என்ஜின் ஸ்பார்க் பிளக் பக்கம், ரெசிஸ்டர் உள்ள பிளக் கப் போடுங்க.

அம்பாறை டவுன் மாதிரிக் கடலுக்குத் தூரத்தில ஓடுறாக்களுக்கு இந்த அரிப்பு மெதுவாத்தான் வரும், அதையும் சொல்லோணும். ஆனா இறங்கின விலையில வயர், ஹோல்டர், லக், குழாய் எல்லாத்தையும் திரும்ப வாங்கிக் கூட்டிப் பாருங்க, மலிவு எங்க போச்சு எண்டு தெரியும். இண்டைக்குக் கேட்டா 5க்கு 2, வாங்காதீங்க. அம்ப்புக்கு மட்டும் எண்டா 4.5 குடுப்பன். தனியா விக்கிறானில்லையே.