இன்விட்–வீவெரிஃபை: போர்க் காணொளியைப் பகிரும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டிய கருவி

2025 மே மாத இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த காட்சி பாகிஸ்தானின் ஏவுகணைத் தாக்குதலாகச் சுற்றியது. இப்படி மறுபடி உலவவிடப்படும் பழைய காட்சிகளைப் பிடிப்பதில் இன்விட்–வீவெரிஃபை அருமையான கருவி. ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் ஐரோப்பிய ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து செய்தது. 2017 முதல் கிடைக்கிறது. குரோம் உலாவியில் இணைப்புக் கருவியாக இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

‘கீஃபிரேம்ஸ்’ பகுதியில் காணொளியின் சுட்டியை ஒட்டினால் முக்கியக் காட்சிகளைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். அவற்றில் எந்தப் படத்தை வைத்து, முன்பே வெளியான பதிவைத் தேடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீயும் புகையும் மட்டுமே உள்ள படம் உதவாது. சம்பந்தமில்லாத வெடிப்புகள்தான் வந்து கொட்டும். மலைமுகடு, கோபுரம், கடைப் பலகை தெரியும் படத்தை எடுங்கள். கூகுள், ரஷ்யத் தேடுபொறியான யான்டெக்ஸ் இரண்டிலும் தேடுங்கள். எதுவும் வரவில்லையென்றால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள். சிக்காமலிருக்கக் காட்சியைத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு.

‘மெட்டாடேட்டா’ பகுதி வாட்ஸாப் காணொளிக்குப் பயன்படாது. எடுத்த இடமும் நேரமும் வழியிலேயே அழிந்துவிடும். படத்தில் திருத்தப்பட்டிருக்கக்கூடிய இடங்களை நிறம் மாற்றிக் காட்டும் ‘ஃபோரன்சிக்’ பகுதியில் நிதானம் தேவை. பலமுறை பகிர்ந்து சுருங்கிய படத்தில், யாரும் கைவைக்காத இடமும் நிறம் மாறித் தெரியும். அந்த வண்ணப் படத்தை மட்டும் காட்டி ‘இது போலி’ என்று அடித்துச் சொல்வது பெரும் தவறு. சில மேம்பட்ட வசதிகளுக்குப் பதிவு செய்து அனுமதி பெற வேண்டியிருப்பது ஒரு குறை.

பழைய பதிவு சிக்கவில்லை என்பதாலேயே காட்சி உண்மை என்றாகிவிடாது. பொய் என்றும் ஆகாது. 2018 ஜூலையில், படைவீரர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொல்லும் காணொளி பரவியபோது, ஆப்பிரிக்க நாடான கேமரூனின் அரசு அதைப் பொய்ச் செய்தி என்று தள்ளியது. பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ புலனாய்வுக் குழு பின்னணி மலைமுகட்டைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி, அது கேமரூனின் செலெவெட் ஊரருகே நடந்தது என்று கண்டது. நிழல்களையும் கட்டடங்களையும் வைத்துக் காலத்தை 2015 மார்ச்–ஏப்ரல் என்று குறுக்கியது. 2020இல் நான்கு வீரர்களுக்குப் பத்தாண்டுச் சிறை. அந்த அளவு வேலைக்கு இன்விட் படங்களை எடுத்துத் தரும், அவ்வளவுதான். இடத்தைப் பொருத்த கூகுள் எர்த் ப்ரோவும், நிழலின் நேரத்தைக் கணிக்க சன்கால்க்கும் கூடவே வேண்டும். இரண்டுமே இலவசம்.