சுவரில் கிறுக்கும் பிள்ளைக்கு எது சரி: மாஜோங் தாளா, ஒட்டுப் பலகையா, துடைக்கும் சாயமா?

பினாங்கு ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் விடுமுறை நாளில் படம் எடுக்க வரிசை நிற்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வரும் இரண்டு வயதுப் பிள்ளை, மறுநாள் கூடத்துச் சுவரில் பேனாவை இழுத்தால் திட்டு வாங்கும். வாசலில் அம்மா கோலம் போடுவதையும் அது தினம் பார்க்கிறது. எங்கே போடலாம், எங்கே கூடாது என்பது மட்டும் அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை பிள்ளை தோளிலிருந்து கையை வீசித்தான் கோடு போடும். மணிக்கட்டைத் தனியாகத் திருப்ப வராது. முகத்துக்கு நேரே, நின்றபடி, அகலமான இடம் கிடைத்தால் அந்தக் கைவீச்சுக்கு வசதி. மேசையில் ஓர் ஏ4 தாளை வைத்துக் கொடுத்தால் இரண்டே இழுப்பில் கோடு தாளைத் தாண்டி மேசைக்குப் போய்விடும். ஆகவே வரைபுத்தகம் சுவருக்கு மாற்றாகாது, இன்னொரு சுவர்தான் மாற்று. கீழே உள்ளவற்றை இந்த ஓர் அளவுகோலை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

மாஜோங் தாள்

மூன்று வயதுக்குக் கீழே இதற்குத்தான் எங்கள் ஓட்டு. பள்ளியில் குழு வேலைக்கு ஆசிரியர்கள் விரிக்கும் அதே பெரிய வெள்ளைத் தாள், எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். அகலம் முக்கால் மீட்டர், நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு தாளைப் படுக்கைவாக்கில் பக்கம் பக்கமாக ஒட்டினால் இரண்டு மீட்டர் அகலம் வந்துவிடும். அடிவிளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. மேலே இருக்கட்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 85 செ.மீ., தூக்கிய கை கிட்டத்தட்ட தாளின் மேல்விளிம்பு வரை எட்டும். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்திலேயே ஒட்டுங்கள். அறைக்குள் ஒட்டினால் பிள்ளை அங்கே போகாது, நீங்கள் இருக்கும் இடத்துச் சுவருக்கே வரும்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, தாள் மெல்லியது. மார்க்கர் மை ஊறிப் பின்னாலுள்ள சுவரில் புள்ளி புள்ளியாகப் பதியும். தாளுக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் மேசை விரிப்பு ஒன்றைச் சேர்த்து ஒட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை. மற்றொன்று ஒட்டும் டேப். மாஸ்கிங் டேப் போதும், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் விட்டால் பசை சுவரோடு தங்கிவிடும். இரட்டைப் பக்க நுரை டேப் சாயத்தைத் தோலோடு உரிக்கும். ஒட்டும் முன் சோபாவுக்குப் பின்னால் ஒரு துண்டு டேப்பை அழுத்தி உரித்துப் பாருங்கள். டேப்பின் முதுகில் வெள்ளைத் தூள் வந்தால் அந்தச் சுவர்ச் சாயம் பொடிந்துபோனது. அதில் எதுவும் ஒட்டாதீர்கள், அலமாரியின் பக்கவாட்டிலோ கதவின் பின்புறத்திலோ ஒட்டலாம்.

வெள்ளை ஒட்டுப் பலகை, கரும்பலகை

45 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளச் சுருளாக இணையக் கடைகளில் விற்கும் வெள்ளைப் பலகை ஸ்டிக்கர் பார்க்க அழகாக இருக்கும். சின்னப் பிள்ளைக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். குறை பலகையில் இல்லை, பேனாவில் இருக்கிறது. வெள்ளைப் பலகை மார்க்கர், பலகையில் துணியால் துடைத்தால் போகும். அதே மை சாயம் பூசிய சுவரில் பட்டால் தண்ணீருக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. சட்டையில் பட்டாலும் அப்படியே. பலகையும் வெள்ளை, சுவரும் வெள்ளை, குளிர்சாதனப் பெட்டியும் வெள்ளை. பிள்ளை எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கும்? வாடகை வீட்டில் ஸ்டிக்கரை உரிக்கும்போது அடியிலுள்ள சாயமும் சேர்ந்து வரும் ஆபத்தும் உண்டு.

கரும்பலகைக்கு அந்தக் குழப்பம் இல்லை. நிறமே எல்லையைச் சொல்லிவிடும். சாக்பீஸ் தவறிப்போய்ச் சுவரில் பட்டாலும் ஈரத்துணியில் போகும். இடம் மாறிப் பட்டாலும் குறைந்த சேதம் செய்யும் பொருள் அதுதான். ஆனால் காற்றாடி சுற்றும் வீட்டில் தூள் பறக்கும், மூச்சிழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் வேண்டாம். கரும்பலகைச் சாயமாகவே பூசுவதானால் இரண்டு மூன்று கோட் அடித்து, மூன்று நாள் காயவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்துப் பரப்பு முழுதும் தேய்த்துத் துடைத்த பிறகே எழுதவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டால் முதல் கோடு நிழலாக அப்படியே நின்றுவிடும். பின்னாளில் அந்தக் கறுப்பை வெள்ளையாக்க முதலில் சீலர் என்ற அடிப்பூச்சை அடித்தாக வேண்டும். சொந்த வீட்டுக்கு மட்டும்.

செலவே இல்லாத கரும்பலகை ஒன்று பழைய கடைவீடுகளின் அஞ்சடியில், அதாவது முகப்பிலுள்ள கூரையிட்ட நடைபாதையில் இருக்கிறது. அம்மா கோலம் போடும்போது பக்கத்தில் நான்கு ஓடு அகலத்தைப் பிள்ளைக்கு ஒதுக்கி ஒரு சாக்பீஸைக் கொடுத்தால் போதும். குளியலறை ஓட்டுச் சுவரும் நல்ல இடம்தான், ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்ட் கோட்டில் மட்டும் சிவப்பும் ஊதாவும் ஊறும். ஈரத் தரை வழுக்கும், பெரியவர் கூடவே நிற்க வேண்டும்.

துடைக்கும் சாயம்

இது கிறுக்கலைத் தடுக்காது, துடைப்பதை மட்டுமே எளிதாக்கும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வீடு கட்டிக் கொடுப்பவர்கள் அடிக்கும் மலிவான மேட் சாயத்தில் நிறத்தூள் அதிகம், பிசின் குறைவு. பரப்பு கண்ணுக்குத் தெரியாத துளைகளாக இருப்பதால் மை உள்ளே இறங்கிவிடும். லேசாகப் பளபளக்கும் ரகத்தில் பிசின் அந்தத் துளைகளை மூடியிருக்கும். முழுச் சுவரும் தேவையில்லை, தரையிலிருந்து 1.2 மீட்டர் வரை போதும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறையைச் சுற்றி அது சுமார் 14 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும், இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர் வாங்கினால் சரி. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் குறைந்தது இரண்டு வாரம் அழுத்தித் தேய்க்காதீர்கள், படலம் இன்னும் இறுகியிருக்காது.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் இந்தச் சாயமே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் படலம் அதை அடைத்தால் சாயம் கொப்புளமாக எழும்பும். அங்கே மாஜோங் தாளை ஆணியும் கயிறும் கட்டித் தொங்கவிடுவதே சரி. வாடகை வீட்டிலோ, வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு மாத முன்பணம் உரிமையாளரிடம் இருக்கிறது. சாயம் மாற்றும் முன் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

பேனாவும் பேச்சும்

எந்தப் பரப்பைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் தண்ணீரில் போகும் கிரையோன் மட்டும் இருக்கட்டும். பால்பேனா, பெர்மனன்ட் மார்க்கர், அக்காவின் ஆயில் பாஸ்டல், அம்மாவின் உதட்டுச்சாயம் எல்லாம் மேல்தட்டுக்குப் போகட்டும். சாமி மேசையை மறந்துவிடாதீர்கள், குங்குமக் கிண்ணம் பிள்ளைக்கு நல்ல வண்ணப்பெட்டி. சுவரில் மஞ்சள் பட்டு, சோப்புப் போட்டதும் சிவந்தால் பதறவேண்டாம். சோப்பின் காரத்தில் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். மிச்சக் கறை வெளிச்சம் பட்டால் நாளடைவில் மங்கும்.

கத்துவதற்கும் அமைதியாகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. கத்தினால் வீடே தன் பக்கம் திரும்புகிறது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும், நாளைக்கும் அதையே செய்யும். "சுவர்ல வேணாம் அய்யா, தாள்ல போடு" என்று ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைகளில் சொல்லி, கையைப் பிடித்துத் தாளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். தாத்தா பாட்டியும் அதே வாக்கியத்தையே சொல்லவேண்டும். பிறகு ஈரத்துணியைக் கொடுத்துக் கூடவே துடைக்கவிடலாம், தண்டனையாக இல்லாமல் வேலையாக. இரண்டு வயதில் இது பல வாரம் இழுக்கும். மூன்றரை வயதுப் பிள்ளை சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

பட்டபின்

சுவரில் கிரையோன் என்றால் ஈரத்துணியில் ஒரு சிட்டிகை சமையல் சோடா வைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, வெறும் தண்ணீரில் துடையுங்கள். மேஜிக் ஸ்பாஞ்ச் நன்றாகவே எடுக்கும், ஆனால் அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. மேட் சாயத்தில் தேய்த்த இடம் பளபளவென்று தனியாகத் தெரியும். பால்பேனா மைக்கு 70 விழுக்காடு ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். சாமி விளக்கு எரியும்போது அந்தப் பக்கம் ஆல்கஹால் வேண்டாம். குச்சியில் சுவரின் நிறம் வர ஆரம்பித்தால் நிறுத்துங்கள். மிச்ச மைக்கு மேல் நேராகச் சாயம் அடித்தால் மை ஊறி மேலே வந்துவிடும், முதலில் கறை மறைக்கும் சீலர் ஒரு கோட் அடிக்கவேண்டும்.

மரச்சாமானில் கதை வேறு. ஃபார்மிக்கா மேசையில் ஆல்கஹாலைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பழைய ஷெல்லாக் பாலிஷ் போட்ட தாத்தா காலத்து அலமாரியில் ஒரு துளி பட்டாலும் பாலிஷ் கரைந்து வெளுக்கும், அடிப்பக்கத்தில் சோதிக்காமல் தொடவே கூடாது. செயற்கைத் தோல் சோபாவில் பேனா மை சில மணி நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். கண்டவுடன் சோப்புத் தண்ணீரில் ஒற்றினால்தான் உண்டு. சாப்பாட்டு மேசையைக் காக்க மீட்டர் கணக்கில் விற்கும் கண்ணாடி பிளாஸ்டிக்கை விரிப்பவர்கள் அடியில் ஒரு பருத்தித் துணி போடுங்கள். வெறுமனே விரித்தால் வெக்கையில் பிளாஸ்டிக் பாலிஷோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மேசையின் மேல்தோலும் சேர்ந்து வரும்.