ஏஐ ரெஸ்யூமே தளங்கள்: காசு கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

வேலை விளம்பரத்தை ஒட்டினால் அதற்கேற்ற ரெஸ்யூமேயைச் சில நிமிடங்களில் எழுதித் தரும் தளங்கள் பெருகிவிட்டன. எழுத்துப்பிழை திருத்த, நீண்ட வாக்கியத்தைச் சுருக்க நன்றாகவே உதவுகின்றன. சிக்கல், எழுதித் தருவது உண்மையா என்பதில்தான்.

"குழுவுக்கு உதவினேன்" என்று கொடுத்தால், "குழுவை வழிநடத்தி உற்பத்தித்திறனை 30% உயர்த்தினேன்" என்று வந்து நிற்கும். அந்த 30 யாரும் கொடுக்காதது, தளமே இட்டுக்கட்டியது. "எதை வைத்துக் கணக்கிட்டீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டால் விழிப்பது நீங்கள்தான். பதவிப் பெயரோ தேதியோ மாறியிருந்தால், பின்னணிச் சரிபார்ப்பில் கைக்கு வந்த வேலையே போகலாம். எண்களையும் வினைச்சொற்களையும் மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். உங்களால் விளக்க முடியாததை அடித்துவிடுங்கள்.

பக்கத்தை இடது, வலது என இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் டெம்ப்ளேட் (பக்க வடிவமைப்பு) வேண்டாம். விண்ணப்பங்களை வாசிக்கும் மென்பொருள் சில, இடது வலதைக் கலந்து படித்துவிடும். ஹெடரில் (பக்கத்தின் மேல்விளிம்புப் பகுதியில்) வைத்த தொலைபேசி எண் விடுபட்டுப் போகலாம். பிடிஎஃப்பில் உள்ளதை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்திருந்தால் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள்.

ஆத்திரம் வருவது கடைசியில். எல்லாம் நிரப்பி முடித்து, டவுன்லோடு பொத்தானை அழுத்தும்போதுதான் பல தளங்கள் பணம் கேட்கின்றன. சிலவற்றில் மலிவான சோதனைக்காலம் முடிந்ததும் முழுச் சந்தா தானாகப் பிடிக்கப்படும். வேலை தேடி அலைபவரிடம் இது அநியாயம். கார்டு எண் கொடுக்குமுன் ரத்து செய்யும் வழியைத் தேடிப் பாருங்கள். சந்தா தொடங்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.