மாடி ஏ.சி.க்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட்: எங்கிருந்து எடுப்பது?

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கத்து ஜவுளிக்கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடி வேலை குவிந்துவிடும். பேக்கேஜ் யூனிட்டுக்கு (எல்லாப் பாகமும் ஒரே பெட்டியில் அடங்கிய பெரிய ஏ.சி.) 415 வோல்ட் மூன்று ஃபேஸ் வந்து நிற்கும். ஆனால் ஏ.சி. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்பைச் செருக 230 வோல்ட் பிளக் தேடினால் மாடி முழுக்க இருக்காது.

அதனால் முதல் வழி, கீழ்த்தளத்திலிருந்து தொங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர். எர்த் இல்லாத இரண்டு கம்பி ஒயர், கைப்பிடிச் சுவரில் உரசி, கதவிடுக்கில் நசுங்கி வரும். இணைப்பு சரியாகத் தேங்கிய தண்ணீரில்தான் கிடக்கும். ஒரு மண்டபத்தில் பாதி வாக்குவத்தில் பம்ப் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், கைப்பேசிக்குச் சார்ஜ் போட யாரோ எங்கள் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். அரை மணி நேரத் துளையிடும் வேலைக்கு இது போதும். அதற்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த பெட்டி வேண்டும். சுருள் ஒயரை முழுக்க விரித்துவிட வேண்டும், சுற்றியபடியே விட்டால் சூடாகும்.

இரண்டாவது வழி, யூனிட்டின் ஐசொலேட்டருக்கு (யூனிட்டுக்கு வரும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) பின்னாலிருந்து ஒரு ஃபேஸ் எடுப்பது. செலவு குறைவு, பார்க்க நேர்த்தி, எனக்கு அறவே பிடிக்காதது. ஐசொலேட்டரை அணைத்தால் பிளக்கும் செத்துவிடும். "அண்ணாச்சி, அப்போது பம்பை எப்படி ஓட்டுவது?" என்று உதவிக்கு வந்த பையன் கேட்டான். பலரும் செய்வது, ஐசொலேட்டரை அணைக்காமலே உள்ளே கை விடுவதுதான். இயந்திரம் நிற்கும்போது வேலை செய்யத்தானே அந்தப் பிளக்கே இருக்கிறது?

இதைவிடப் பெரிய வில்லங்கம் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு நியூட்ரல் தேவையில்லை என்பதால் பல யூனிட்டுகளுக்கு அது வருவதே இல்லை. ஒரு மாடியில் பம்ப் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் சுத்தமாகச் சுழி காட்டியது. சுமை இருக்கும்போது கொஞ்சமாவது வோல்ட் காட்ட வேண்டும். பெட்டியைத் திறந்தேன்: கறுப்பு ஒயர் எர்த் போல்ட்டில் முறுக்கியிருந்தது. பம்ப் நன்றாகத்தான் ஓடியது. எர்த் கம்பி எங்காவது கழன்றிருந்தால் யூனிட்டின் தகடு முழுவதும் 230 வோல்ட் ஏறியிருக்கும்.

மூன்றாவது, ஐசொலேட்டருக்கு முன்னாலிருந்து எடுப்பது. யூனிட்டை அணைத்தாலும் பிளக் உயிரோடிருக்கும். முறையான நியூட்ரல் வந்திருந்தால் இதை ஏற்கலாம், ஆனால் தனி 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்) கட்டாயம். யூனிட்டின் 63 ஆம்பியர் எம்.சி.பி.யை நம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்தால், எம்.சி.பி. விழுவதற்குள் ஒயர் வெந்துவிடும். ஐசொலேட்டர் கைப்பிடி அணைந்திருந்தாலும் பெட்டிக்குள் மின்சாரம் உண்டு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

நான் பரிந்துரைப்பது நான்காவது: டி.பி.யிலிருந்தே (கட்டடத்தின் மின் பகிர்வுப் பெட்டி) தனிச் சுற்று. தூரத்துக்கேற்ப 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. யூனிட்டுக்குப் போட்டிருக்கும் 300 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. தீயைத் தடுக்கும், ஆளைக் காப்பாற்றாது. அமெரிக்க மின்விதியும், இயந்திரத்திலிருந்து 25 அடிக்குள் அதே தளத்தில் பிளக் வேண்டும், அதை யூனிட்டின் ஐசொலேட்டருக்குப் பின்னாலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது. அவர்களுடையது 120 வோல்ட்; நம் 230 வோல்ட்டுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டாமா? கட்டடம் எழும்பும்போதே குழாய் போட்டுவிட்டால் செலவு சொற்பம். பிறகு சுவரை உடைக்கும்போதுதான் முதலாளி முகம் சுளிக்கிறார்.

பிளக் பெட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டுப் பிளக்குக்கு மேல் பிளாஸ்டிக் மூடி மாட்டினால், நம் சித்திரை வெயிலில் கீல் நொறுங்கி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று சாரலைப் பக்கவாட்டில் அடிக்கும்போது மூடியே இருக்காது. திருகிப் பூட்டும் நீல நிற 16 ஆம்பியர் தொழிற்சாலைப் பிளக், தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 67 தரத்தில், செருகியிருக்கும்போதும் தண்ணீர் விடாது. 2023 டிசம்பர் பெருமழைக்குப் பிறகு நான் திறந்தவற்றில், மேலிருந்து ஒயர் நுழைந்த பெட்டிகளில் தண்ணீர் நின்றது. கீழிருந்து, ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றியவை காய்ந்தே இருந்தன.