அசெம்பிள் செய்த பெட்டியா, பிராண்ட் வொர்க்ஸ்டேஷனா?

கட்டடங்களுக்கு முப்பரிமாணக் காட்சிகள் செய்து கொடுப்பது என் தொழில். என் மேசைக்கு அடியில் இருப்பது, சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்த கணினி. எதிர் மேசை நண்பருடையது பெரிய நிறுவனம் ஒன்றின் வொர்க்ஸ்டேஷன், அதாவது கனமான தொழில் வேலைக்கென்றே செய்து விற்கும் கணினி. அதற்கு அவர் கொடுத்த காசில் என்னுடையதைப் போல மூன்று வாங்கலாம். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஓவர்கிளாக் செய்தால் இது அதைத் தாண்டிவிடுமா அண்ணா?" என்று கேட்கிறார்கள். ஓவர்கிளாக் என்றால் சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் முடுக்கி ஓட்டுவது. சில வேலைகளில் தாண்டுகிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையில் ஓவர்கிளாக்கின் பங்கு கொஞ்சம்தான். காசு போடும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

மலிவான ப்ராசசரை முடுக்கி விலையுயர்ந்ததைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை சும்மா வரவில்லை. 1998 ஆகஸ்டில் இன்டெலின் மலிவு ப்ராசசரான செலரான் 300ஏ வந்தபோது விலை 149 டாலர். அதே மாதம் வந்த பென்டியம் 2 450 மெகாஹெர்ட்ஸ் 669 டாலர். ப்ராசசரின் வேகம் என்பது பஸ் வேகத்தை (பாகங்களுக்கிடையே தகவல் ஓடும் வேகம்) ஒரு பெருக்கியால் பெருக்கி வருவது, செலரானில் அந்தப் பெருக்கி 4.5. மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 அப்படியே 450 ஆகிவிடும். பென்டியத்தில் 512 கேபி கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பக்கத்திலேயே வைக்கும் சிறு நினைவகம்) ப்ராசசரின் பாதி வேகத்தில் ஓடியது. செலரானிடம் இருந்தது 128 கேபிதான், ஆனால் சிப்புக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. அதனால் பல வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அடுத்த ஆண்டு அபிட் நிறுவனத்தின் பிபி6 மதர்போர்டு இரண்டு செலரான்களை ஒன்றாக உட்கார வைத்தது. இரட்டை ப்ராசசர் என்பது அதுவரை பெரிய வொர்க்ஸ்டேஷன் வைத்திருந்தவர்களின் சொத்து. 2008-இல் வந்த கோர் ஐ7-920 இன்னொரு உதாரணம். 284 டாலர், 2.66 கிகாஹெர்ட்ஸ். நல்ல கூலர் போட்டு 4 கிகாஹெர்ட்ஸை நெருங்க வைத்தவர்கள் ஏராளம். 999 டாலருக்கு விற்ற எக்ஸ்ட்ரீம் பதிப்பே 3.2-இல்தான் வந்தது.

அன்று அது முடிந்ததற்குக் காரணம், தாராளமாக ஓடக்கூடிய சிப்பைத் தயாரிப்பாளர் குறைந்த வேகத்து முத்திரை குத்தி விற்றதுதான். நடுவில் இருந்த அந்த இடைவெளியை நாம் எடுத்துக்கொண்டோம். இன்றைய சிப் அந்த இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 9 9950எக்ஸ் ப்ராசசரின் அடிப்படை வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால் அதுவே 5.7 வரை ஏறிக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கிற சிப்பை நாம் இன்னும் எங்கே தள்ளுவது? இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்களுக்கு 2024-இல் நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப்கள் நாளடைவில் தேய்ந்து, நிலையில்லாமல் போயின. இன்டெல் மைக்ரோகோட் (சிப்புக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று. அவற்றில் பல யாரும் கைவைக்காமல் அப்படியே ஓடியவை.

கணக்கும் நமக்கு எதிராகத்தான் நிற்கிறது. சிப் குடிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தை 5 சதவீதம் கூட்ட வோல்டேஜ் 8 சதவீதம் கூட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஏறக்குறைய 22 சதவீதம் கூடும். எல்லா கோரையும் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவுகள்) ஒரே வேகத்தில் பூட்டிப் பார்த்ததில், ஒரு மணி நேர ரெண்டரில் (மாடலிலிருந்து இறுதிப் படத்தைக் கணினி உருவாக்கும் வேலை) எனக்கு மிச்சமானது சில நிமிடங்கள். போதாததற்கு, ஒற்றைக் கோர் தானாக ஏறுகிற அந்த 5.7 போய்விட்டது. வரைகிற நேரத்தில் மெதுவாகி, ரெண்டர் நேரத்தில் கொஞ்சம் வேகமானது. நான் நாளில் முக்கால்வாசி வரைகிறேன். எனக்கு அது நஷ்டம்.

சரி, அப்படியானால் என் கணினி எங்கே ஜெயிக்கிறது? ஸ்கெட்ச்அப், ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரையும் மென்பொருள்களில் மாடலைத் திருப்புவது, திருத்துவது, திறப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே கோரை நம்பி நடப்பவை. வொர்க்ஸ்டேஷன்களுக்கென ஏ.எம்.டி. செய்யும் 96 கோர் த்ரெட்ரிப்பர் ப்ரோ 9995டபிள்யூஎக்ஸ் வெளியானபோது விலை 11,699 டாலர், உச்ச வேகம் 5.4. ரைசன் 9 9950எக்ஸ் வெளியானபோது 649 டாலர், உச்ச வேகம் 5.7. இரண்டும் ஒரே ஜென் 5 கட்டமைப்பு. ஒரு கோர் மட்டும் உழைக்கிற வேலையில் மீதி 95 கோரும் வேடிக்கை பார்க்கும். அந்த நேரத்தில் என் பெட்டி முந்துவதற்கு நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை.

நான் செய்த ஒரே காரியம் வோல்டேஜைக் கூட்டாமல் குறைத்ததுதான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜைப் படிப்படியாகக் கீழே இறக்கலாம். அதே வேகத்துக்குக் குறைந்த சூடு, குறைந்த சூட்டால் இன்னும் கொஞ்ச நேரம் அதிக வேகம். ஓவர்கிளாக் என்று இன்று சொல்லத் தகுந்தது இதுதான் என்பது என் எண்ணம். இதில் ஒரு பொறி இருக்கிறது. முழு பாரத்தில் பல மணி நேரம் ஓட்டிப் பார்த்து, நிலையாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருப்போம். மறுநாள் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகும். பாரம் குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்கு ஏறுகிறது, வோல்டேஜ் போதாமல் தடுமாறுவதும் அங்கேதான். அதனால் கோர்சைக்ளர் போன்ற கருவியால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு முழு இரவு போகும். போகட்டும்.

இனி வொர்க்ஸ்டேஷன் பக்கம். அதன் விலையில் பெரும்பங்கு போவது வேகத்துக்காக அல்ல. முதலில் ரேம். ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையே தகவல் ஓடும் பாதையைச் சேனல் என்பார்கள்: ரைசனுக்கு இரண்டு, த்ரெட்ரிப்பருக்கு நான்கு, த்ரெட்ரிப்பர் ப்ரோவுக்கு எட்டு. ரைசனில் இரண்டு ரேம் போட்டால் 6000 வேகம் சுலபம், இருந்தாலும் தயாரிப்பாளர் கணக்கில் 5600-க்கு மேல் எல்லாமே ஓவர்கிளாக்தான். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அதிகாரப்பூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும். இது தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே! 64 ஜிபி கிட் ஒன்று இருந்தது, அதே மாடலில் இன்னொன்று வாங்கிச் சேர்த்தேன். நான்கும் 6000-இல் ஓடும் என்றார் கடைக்காரர். ஓடத்தான் செய்தது, கணினி நிற்கவும் இல்லை. கட்டடத்துக்குள் நடந்து போவதுபோல் காட்டும் ஒரு வாக்த்ரூ அனிமேஷனில் நடுவே ஒரே ஒரு ஃப்ரேமில், கூடத்துச் சுவரில் கறுப்புக் கட்டம் ஒன்று. அதைக் கண்டுபிடித்தது நானில்லை, வாடிக்கையாளர். இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். பிழைகள் வரிசையாக வந்தன.

கணினி நின்றுபோனால் தெரிந்துவிடும். தப்பான விடையைத் தந்துகொண்டு ஓடினால் தெரியாது. ஓவர்கிளாக்கில் நான் உண்மையாகவே பயப்படுவது இதற்குத்தான். வொர்க்ஸ்டேஷனில் வரும் இ.சி.சி. (பிழை திருத்தும்) ரேம் ஒற்றை பிட் பிழையைத் தானே திருத்தும், பெரிய பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். கூகுள் தன் சர்வர்களை வைத்து டொரன்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம்களில் பிழை தென்பட்டது. ஓவர்கிளாக் ஏதும் செய்யாத ரேம்களில் வந்த எண் அது. டி.டி.ஆர்.5 ரேமிலேயே இ.சி.சி. இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது ரேம் சிப்புக்குள் மட்டும் வேலை செய்வது, ப்ராசசருக்கு வரும் வழியில் நேரும் பிழையை அது பார்க்காது. பாலத்தின் பளு, கட்டடத்தின் காற்றழுத்தம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வொர்க்ஸ்டேஷன் வாங்கலாம். சுவரில் கறுப்புக் கட்டத்தைக் கண்ணால் பிடிக்கலாம், எண்ணில் விழுந்த ஓட்டையை யார் பிடிப்பது?

கிராபிக்ஸ் கார்டிலும் கதை இதேதான். ஆர்.டி.எக்ஸ். 4090-உம் ஆர்.டி.எக்ஸ். 6000 அடாவும் ஒரே ஏடி102 சிப்பில் செய்தவை. வெளியானபோது முதலாவது 1,599 டாலர், 24 ஜிபி, 450 வாட். இரண்டாவது 6,800 டாலர், 48 ஜிபி இ.சி.சி., 300 வாட். காட்சி 24 ஜிபிக்குள் அடங்கினால் விலை குறைந்த கார்டு கொஞ்சமும் பின்தங்காது. அடங்காவிட்டால் ரெண்டர் நொண்டும், அல்லது தொடங்கவே தொடங்காது. எவ்வளவு ஓவர்கிளாக் செய்தாலும் 24 ஜிபி 25 ஆகாது.

நம் ஊர் வெயிலையும் சொல்லாமல் விட முடியாது. இணையத்தில் பார்க்கும் ஓவர்கிளாக் எண்களில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. தண்ணீர்க் கூலராக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே அது இறங்காது. மார்கழியில் தாக்குப்பிடித்த செட்டிங் கத்திரி வெயிலில் தாக்குப்பிடிக்காது, நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். இப்போது ப்ராசசரின் மின்சார உச்சவரம்பை ஈகோ மோடில் (மின்சாரத்தைச் சிக்கனமாக்கும் அமைப்பு) 142 வாட்டாகக் குறைத்து வைத்திருக்கிறேன். இரவு 10 மணி நேர ரெண்டருக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம், ஏசிக்கும் வேலை குறைவு. ரெண்டர் நேரம் அவ்வளவாக ஏறவில்லை. யூ.பி.எஸ்ஸும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இல்லாமல் இந்த விளையாட்டில் இறங்கவே வேண்டாம்.

சர்வீஸ் பற்றி ஒரே வார்த்தை. நண்பரின் கணினி படுத்தால் டெக்னீஷியன் அவர் மேசைக்கே வருகிறார். என் மதர்போர்டு போனபோது அதைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தின் வருமானத்தையும் என் பெட்டியின் விலையில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, த்ரெட்ரிப்பரை நாமே அசெம்பிள் செய்வது. 9960எக்ஸில் 24 கோர், நான்கு சேனல் ரேம், இரண்டு மூன்று கிராபிக்ஸ் கார்டுக்குத் தாராளமான பி.சி.ஐ.இ. பாதைகள் (கார்டுகள் ப்ராசசரோடு இணையும் வழி), வெளியானபோது விலை 1,499 டாலர். அதற்கான மதர்போர்டும் ரெஜிஸ்டர்டு எனும் தனி வகை ரேமும் பர்ஸைக் கடிக்கும், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் இன்னும் பலமாகக் கடிக்கும். இதையும் ஓவர்கிளாக் செய்யலாம். 7000 வரிசை த்ரெட்ரிப்பரில் ஓவர்கிளாக் செய்ததும் உள்ளே ஒரு ஃபியூஸ் எரிந்து அடையாளம் பதிந்துவிடும். அதனால் மட்டும் வாரண்டி போகாது, ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்குத்தான் வாரண்டி கிடையாது என்று ஏ.எம்.டி. விளக்கியது. இத்தனை விலையுள்ள சிப்பில் எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் சொல்வது இது: உன் மிகப் பெரிய கோப்பைத் திற, ரெண்டர் கொடு, டாஸ்க் மேனேஜரில் ரேமும் கிராபிக்ஸ் மெமரியும் எவ்வளவு தின்கின்றன என்று குறித்துக்கொள். 96 ஜிபிக்குள், ஒரே கார்டுக்குள் அடங்கினால் ரைசன் வாங்கு. 48 ஜிபி ரேம் இரண்டு போடு, மீதி ஸ்லாட்டைக் காலியாக விடு. மிச்சமான காசில் நல்ல மானிட்டர் வாங்கு. எதிர் மேசை நண்பர் செய்வது வெள்ளநீர் ஓட்டத்தின் சிமுலேஷன். போன மாதம் அவருடைய ஒரு கோப்பு 300 ஜிபி ரேமைத் தாண்டி மூன்று நாள் இடைவிடாமல் ஓடியது. என் கணினியில் அதைத் திறக்கவே முடியவில்லை.